தூசி அண்டாத கார்

சுண்ணாம்புக்கல் ஆலைக்கு வடக்கே, லாரிகள் ஓயாமல் போய்வரும் சாலையோரத்தில் வெள்ளக்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஆடு வெள்ளை, ஆட்டைக் கட்டிய முளைக்குச்சி வெள்ளை, வேப்பிலை வெள்ளை, காக்கைகூட நரைத்த காக்கை. தெருவில் அரைமணி நேரம் விளையாடிவிட்டு வருகிற பிள்ளையைப் பெற்றவளே ஒரு கணம் உற்றுப் பார்த்துத்தான் தன்னுடையதா என்று தெரிந்துகொள்வாள். அப்படிப்பட்ட ஊரில் கலியபெருமாள் கருநீல நிறத்தில் கார் வாங்கினான்.

"வெள்ளை எடுத்துக்குங்க சார், உங்க ஊருக்குத் தூசி தெரியாது" என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "தெரியாம இருக்கறதுக்கா சார் நான் காரு வாங்குறன்" என்று கலியபெருமாள் திருப்பிக் கேட்டான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆலை வாசலில் இருக்கிற எடைமேடையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து, வெறும் லாரியை ஒரு தடவையும் கல் ஏற்றிய லாரியை ஒரு தடவையும் எடை பார்த்து அனுப்புகிற வேலை. போகிற ஒவ்வொரு லாரியும் போகிறபோக்கில் அவன் மேல் ஒரு கைப்பிடி தூசியைத் தூவிவிட்டுத்தான் போகும். சோற்றில் தூசி, தலையணையில் தூசி, பொண்டாட்டி வளர்மதி தலையில் வைத்த மல்லிகையில் தூசி. உலகத்தில் ஒரே ஒரு பொருளாவது தூசி படாமல் தனக்கென்று இருக்கட்டும் என்று அவன் ஆசைப்பட்டதைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்கப்புறம் அவன் செய்ததற்குத்தான் வாய் வரும்.

இருக்கைகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பாலிதீன் உறையை அவன் கழற்றவில்லை. கால்மிதியின் மேல் செய்தித்தாள், செய்தித்தாளின் மேல் சாக்கு. ஏறுகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே எதுவும் தின்னக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்தவர் சாயக்கூடாது. காலையில் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒன்றில் நனைத்த துணியை மற்றதில் அலசி அலசி, நேர்கோடாக மட்டும் துடைப்பான். வட்டம் போட்டுத் துடைத்தால் பெயிண்டில் சிலந்திவலை மாதிரி கீறல் விழும் என்று எங்கோ படித்திருந்தான். வாசலில் நின்ற புங்கமரத்தில் மைனா எச்சமிடும், எச்சம் பெயிண்டை அரிக்கும் என்று மரத்தையே வெட்டிப் போட்டான். அந்த மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர் அவனுடைய அப்பா கொளஞ்சி. அவர் கட்டிலை இழுத்துக்கொண்டு சுவரோரம் போனார், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்தார்.

வண்டிக்குப் பூசை போட அய்யனார் கோயிலுக்குப் போனபோதுதான் அந்தத் தப்பு நடந்தது. சந்தனம் வைக்கலாமா என்றார் பூசாரி. கறை பிடிக்கும் என்றான். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் என்றார். சாறு தெறிக்கும் என்றான். சூடம் காட்டினால் புகை படியும், பூசணிக்காய் உடைத்தால் விதை ஒட்டும், மாலை போட்டால் நார் உரசும். கடைசியில் அவன் காரை நூறடி தள்ளி நிறுத்திவிட்டு, செல்போனில் காரின் படத்தை எடுத்துக் காட்டி, அந்தப் படத்துக்குத் தீபாராதனை காட்டச் சொன்னான். பூசாரி முப்பது வருடத்தில் டிராக்டரிலிருந்து தையல் மிஷின் வரைக்கும் பூசை போட்டவர்.

"சாமியவே தொட வுட மாட்டங்குற. அப்பறம் என்னாதான் வேண்டிக்கப் போற?" என்றார்.

"எந்த அழுக்கும் அண்டக்கூடாது பூசாரி. அது ஒன்னுதான்."

"அப்பிடியே ஆவட்டும், போ" என்று செல்போனுக்குத் தீபம் காட்டினார் பூசாரி.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, கலியபெருமாள் இரண்டு வாளியோடு வந்து கார் உறையை உருவினபோது துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். கல் லாரி ஒன்று போனது, மாவு சலித்த மாதிரி தூசி எழுந்தது, தெருவை நிரப்பிக்கொண்டு வந்தது, காருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது, இரண்டாகப் பிரிந்தது, காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. மதியம் தூறல் போட்டபோது மழையும் அப்படியே விலகிப் பெய்தது. இவ்வளவு துடைத்தவனுக்கு இதுகூட நடக்காதா என்று நினைத்தானே தவிர, அவன் ஆச்சரியப்படவில்லை. வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

ஊரும் ஆச்சரியப்படவில்லை, ஊர் உபயோகப்படுத்தத் தொடங்கியது. அந்த ஒரு சாண் அகலத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். காரைச் சுற்றி முறத்தில் வடகம் காயப்போட்டார்கள், வெள்ளக்குறிச்சி சரித்திரத்தில் முதல்தடவையாகப் பல்லில் கரகரக்காத வடகத்தைப் பொரித்துத் தின்றார்கள். அப்புறம் பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன, அப்புறம் தொட்டில் வந்தது, சீர்த்தட்டுகள் வந்தன, கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் இடத்தகராறு வந்தது, பஞ்சாயத்துத் தலைவர் வந்து திங்கள் புதன் கீழத்தெரு, செவ்வாய் வியாழன் மேலத்தெரு என்று முறை வைத்துக் கொடுத்தார். கலியபெருமாள் காரைச் சுற்றிக் கயிறு கட்டி, முறம் பெயிண்டில் இடிக்கக்கூடாது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். பதினெட்டு வருடமாக அவனை வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போன ஊர், இப்போது நின்று, "சாப்ட்டியா கலியா" என்று கேட்டது. அது அவனுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அப்பாவின் சங்கதிதான் சிக்கல். கொளஞ்சி முப்பத்தைந்து வருடம் ஆலையின் கல் அரைக்கிற பகுதியில் நின்றவர். இப்போது அவருக்கு மூச்சு ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. இருமி இருமி, சாம்பல் போட்ட தகர டப்பாவில் துப்பிக்கொண்டே இருப்பார். மாதம் இரண்டு தடவை பதினாலு மைல் தள்ளியிருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புதுக் காரில் டப்பாவோடு அவரை ஏற்றக் கலியபெருமாளுக்கு மனசு வரவில்லை. அதனால் அந்தோணிசாமியின் ஆட்டோவில் அப்பாவை ஏற்றிவிட்டு, அவன் பின்னாலேயே காரில் போனான். யாராவது கேட்டால், "அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது" என்றான். மகன் காரில் வர, அப்பா ஆட்டோவில் போகிற அந்த ஊர்வலத்தைப் பார்க்க டீக்கடையில் ஆள் எழுந்து நின்றது.

"மந்திரி போனா முன்னாடியும் காரு வரும் பின்னாடியும் வரும் பெரியப்பா. ஒங்களுக்குப் பின்னாடி மட்டும் வருது" என்பான் அந்தோணி. கொளஞ்சி சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், வண்டியை ஓரங்கட்டி அது நிற்கிறவரைக்கும் காத்திருப்பார்கள். பின்னால் காரும் காத்திருக்கும்.

மாதா கோயில் தேர் அன்று அந்தோணிக்குச் சவாரி அதிகம். வளர்மதி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு மாமாவ ஆஸ்பத்திரிக்கு நம்ம வண்டியில கூட்டிட்டுப் போங்க. ஊரு சிரிக்கறது ஒங்க காதுல வுழுவுதா இல்லியா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவனுக்கும் தெரியும். பாலிதீனின் மேல் ரெக்ஸின், அதன் மேல் சாக்கு, அதன் மேல் பழைய சேலை என்று விரித்தான். கொளஞ்சி தானாகவே மூன்று தடவை கால் கழுவினார். சட்டையை உதறினார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ வீட்டுப் பந்தியில் உட்காருகிறவரைப் போல ஓரமாக உட்கார்ந்தார். கலியபெருமாள் கதவைச் சாத்தினான்.

சாத்தித் திரும்பினால் அப்பா தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

கதவு திறக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, சேலைகூடக் கசங்கவில்லை. ஒரு சாண் தூரத்துக்கு அந்தப் பக்கம், டப்பாவோடு, நிதானமாக இறக்கி விடப்பட்டிருந்தார். "சாஞ்சி ஒக்காரலாம்னு பாத்தன். அதுக்குள்ள எறக்கி வுட்டுடுச்சு" என்றார். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி தெருவில் நின்றார்.

"பாத்தியா, நானா சொல்றன்? வண்டியே ஏத்திக்கலன்னா நான் என்னா பண்ணுவன்" என்றான் கலியபெருமாள் பொண்டாட்டியிடம். அப்போது அவன் மனசில் இருந்தது வருத்தம் என்று சொன்னால் அது பொய். நிம்மதி. தன் வாயால் சொல்ல முடியாததை வண்டி சொல்லிவிட்ட நிம்மதி. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கும் அது தெரிந்திருந்தது, தெரியாத மாதிரி அவர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வண்டி வேறு சிலரையும் இறக்கி விட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் போக ஏறின மாயவனை, மாலையும் பட்டுவேட்டியுமாகத் தெருவில் நிறுத்தியது. அந்தோணியின் பொண்டாட்டி லூர்துமேரி வளர்மதியோடு சந்தைக்குப் போக உட்கார்ந்தாள், பையோடு இறங்கி நின்றாள். அவள் ஆலையில் சிமெண்ட் மூட்டை பிடிக்கிறவள். மாயவன் கல் அரைக்கிற பகுதியில் இருப்பவன். வளர்மதிதான் முதலில் முடிச்சுப் போட்டாள்: "இது ஏறுறவங்க கால்ல இருக்கற தூசியப் பாக்கல. நெஞ்சுக்குள்ள இருக்கறதப் பாக்குது." மாயவன் தஞ்சாவூர் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்தான். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறதே, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாராம்.

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கால் கழுவிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் காரில் உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தபடியே இருந்தவர்கள் கீழே வந்து சர்க்கரை கொடுத்தார்கள். தெருவில் நின்றவர்கள் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அன்று சாயங்காலம் அந்த வீட்டில் கடன் வாங்கியாவது கோழி அடித்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். ஜோசியர் வீட்டில் ஈ ஓட்டினார். இறக்கி விடப்பட்டவர்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி, ஆலையில் போய் வைத்தியத்துக்குக் கேட்போம், நீதான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கலியபெருமாளிடம் வந்தார்கள். அவன் சரி என்றுதான் சொன்னான்.

ஆனால் அவனுக்கு வேறொரு கவலை இருந்தது. அய்யனார் கொடுத்த வரம் தூசியைத் தடுத்தது, மழையைத் தடுத்தது, காக்கையைத் தடுத்தது, வெயிலை மறந்துவிட்டது. வெயில் அழுக்கில்லையே. கார் கூரையின் கருநீலம் ஒரு மாற்றுக் குறைந்திருந்தது. வளர்மதி கண்ணுக்குத் தெரியவில்லை, யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவன் கண்ணுக்குத் தெரிந்தது. சாப்பிடும்போது தெரிந்தது, எடைமேடையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆலை மேலாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினெட்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவன் போனது அதுதான் முதல்தடவை. உள்ளே தூசி இல்லை. மேலாளர் அவனை உட்காரச் சொன்னார். ஆலைக்குள் காருக்கு ஒரு கூடம் கட்டித் தருவதாகவும், தரைக்கு டைல்ஸ், மேலே கான்கிரீட், ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவதாகவும் சொன்னார். "வெயிலே படாது. பத்து வருஷமானாலும் பெயிண்ட் வெளுக்காது. பதிலுக்கு நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து வண்டியில ஒக்காந்து பாத்துட்டுப் போகட்டும். அவங்க நல்லதுக்குத்தான்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரியக்கூடாது என்றுதான் கேட்கவில்லை. வெளியே வந்து, காத்திருந்தவர்களிடம், "மருந்து மாத்திரைக்குத்தான் கணக்கெடுக்கறாங்க" என்று அவனே சொன்னான்.

ஒரு வாரம் வரிசை நின்றது. வாசல் காவலாளி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, தரையில் நிற்கிறவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அறுபத்திமூன்று பெயர். எல்லாரும் நம்பிக்கையோடு, அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். சனிக்கிழமை அந்த அறுபத்திமூன்று பேருக்கும், உடல்தகுதி இல்லாததால் திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று ஆளுக்கு ஒரு சீட்டு கிடைத்தது. வைத்தியத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அன்று மாலை லூர்துமேரி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சண்டைக்கு வரலண்ணே. ஒங்க வண்டி பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். மருந்துக்குன்னு நீங்க சொன்னீங்களே, அதத்தான் கேக்கலாம்னு வந்தன்." அவன் குனிந்து கார் உறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, வளர்மதியிடம் வாங்கியிருந்த சேலையை மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த கொளஞ்சி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்ல எட போட்டுக்கிட்டு இருந்த. இப்ப ஊர்க்காரன எட போட்டுக் குடுத்துட்டியேடா."

மறுநாளிலிருந்து காரைச் சுற்றி ஒரு முறமும் இல்லை. வடகத்தைத் தூசியிலேயே காயப்போட்டார்கள், கரகரவென்று கடித்துத் தின்றார்கள். டீக்கடையில் அவன் டம்ளரை மட்டும் தனியாக வைத்தார்கள். கலியபெருமாள் வார நாட்களில் காரைக் கறுப்புக் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தினான், சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிவந்தான். கூரையின் நீலம் அதற்குமேல் வெளுக்கவில்லை. அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான், சொல்லிக்கொள்ள வேறு ஆளில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளையில் கொளஞ்சிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலம் பாரித்தது. வளர்மதி அலறிக்கொண்டு தெருவில் ஓடினாள், கதவுகள் சாத்தியே இருந்தன. அந்தோணியின் ஆட்டோ வாசலில் இல்லை.

கலியபெருமாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். எதையும் விரிக்கவில்லை. உட்காரவைத்தான், கதவைச் சாத்தினான், அப்பா தெருவில் இருந்தார். மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மடி காலியாக இருந்தது, அப்பா தெருவில் இருந்தார். பாலிதீன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி இருக்கையில் கொட்டினான், மண் இருக்கையைத் தொடாமல் வெளியே வந்து விழுந்தது. சாக்கடைச் சேற்றை அள்ளிப் பூசினான், சேறு வழுக்கிக்கொண்டு அவன் காலில் வந்து கொட்டியது. கருங்கல்லை எடுத்துக் கதவில் ஓங்கிக் கீறப் போனான். ஒரு சாண் தூரத்தில் கல் நின்றது, கைதான் வலித்தது. அழுக்காக ஆகித்தொலையேன் என்று அந்தக் காரின் முன்னால் அவன் அழுதான். அது கருநீலமாக, அவன் முகம் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக நின்றது.

"போதும்டா. ஏத்தி ஏத்தி எறக்குது, கால் கடுக்குது" என்றார் கொளஞ்சி, தரையில் உட்கார்ந்தபடி.

டாக்டரையாவது கூட்டிவரலாம் என்று அவன் ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகக் கையை நீட்டினான். நீட்டிய கைக்கு முன்னால் சாவி இல்லை. காற்று இருந்தது. அவன் தெருவில், அப்பாவுக்குப் பக்கத்தில், நிதானமாக இறக்கி விடப்பட்டிருந்தான்.

கொளஞ்சி நிமிர்ந்து மகனைப் பார்த்தார். தன்னை அந்த வண்டி எத்தனை தடவை இறக்கியபோதும் கலங்காத மனிதர், இப்போது வாயைத் திறந்தார், கண்ணீர்தான் முதலில் வந்தது. "ஒனக்குமாடா கலியா" என்றார். கலியபெருமாள் ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தான். உள்ளே எங்கோ அது போய்த் தட்டி நின்றது.

ஆட்டோ வந்துவிட்டது. வளர்மதி மெயின் ரோடு வரை ஓடி மறித்துக் கூட்டி வந்திருந்தாள். அந்தோணி கலியபெருமாளின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கொளஞ்சியைக் குழந்தை மாதிரி தூக்கிப் பின்னால் உட்காரவைத்தான். பிறகு இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே சொன்னான், "நீங்க எப்பவும்போல பின்னாடி ஒங்க வண்டியில வாங்க."

கலியபெருமாள் அசையாமல் நின்றான். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, வேலை போனவர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். கொளஞ்சிதான், மிச்சமிருந்த மூச்சைச் சேர்த்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: "அவனையும் ஏத்திக்க அந்தோணி. அவன் வண்டி அவன எறக்கி வுட்டுடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நன்றாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். லூர்துமேரி மட்டும் வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள். அந்தோணி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான், கலியபெருமாள் ஏறி அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சிக்கு இருமல் வந்தது. டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. அவர் ஆட்டோவின் இருக்கையைப் பார்த்தார், அதன் தரையைப் பார்த்தார், அடுத்தவன் வண்டியில் துப்பக்கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டு கண் பிதுங்க அடக்கினார்.

"துப்புப்பா" என்று கலியபெருமாள் கையை ஏந்தினான்.

அவர் தலையை ஆட்டினார். அவன் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் துப்பினார். கெட்டியாக, வெள்ளையாக, சூடாக, அது அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் மூச்சை இழுக்கவில்லை. ரயிலில் இன்னும் பாதிக்கு மேல் பெட்டிகள் போக வேண்டியிருந்தது.

கேட் திறந்தும் அந்தோணி வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்பக்கம் நீட்டினான்.

"கையத் தொடச்சிக்கங்கண்ணே."

"வேணாம்" என்றான் கலியபெருமாள். விரல்களை மெதுவாக மூடிக்கொண்டான்.